இடும்பன் மலையில் மூன்று பேர்

பழநியில் வளர்ந்தவனுக்கு மொட்டைத் தலை ஒரு செய்தியே அல்ல. காலை பஸ்ஸில் முடியோடு வந்து இறங்குகிற குடும்பம் மாலை பஸ்ஸில் சந்தனம் பூசிய தலைகளோடு திரும்பும். முதலாளியும் மொட்டை, கூலிக்காரரும் மொட்டை, முடி இறங்கிவிட்டால் முருகனுக்கு முன்னால் எல்லோரும் ஒன்றுதான் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் யாரும் முடியை இறக்குகிறவரையும் அந்தக் கணக்கில் சேர்த்து நான் கேட்டதில்லை. என் அப்பா அந்த வேலை செய்தவர்.

சரவணப் பொய்கைக்கு அருகே முடிக்கொட்டகையில் அவருக்கு இடம். விடுமுறை நாட்களில் நான் குவளையில் தண்ணீர் மொண்டு தலைகளை நனைத்துக் கொடுப்பேன். நன்றாக ஊறத் தேய்த்தால்தான் பிளேடு இழுக்காது. அப்பா பிளேடை உறையோடு நீளவாக்கில் மடித்து 'டக்' என்று இரண்டாக உடைப்பார். ஒரு பாதி கத்திக்குள், மறுபாதி அடுத்த தலைக்கு. உச்சியில் தொடங்கி நெற்றிப் பக்கமாக ஒரே இழுப்பு. விழுகிற முடி தேவஸ்தானத்துக்குச் சொந்தம், அதை ஏலம் விடுவார்கள். எங்களுக்கு டிக்கெட்டில் ஒரு பங்கும், மனம் வந்து யாராவது கொடுத்தால் அதுவும். (2021-இல் அரசு முடிக்காணிக்கைக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. அதைப் பார்க்க அப்பா இல்லை.)

1993-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பு மாணவன் ஒருவன் குடும்பத்தோடு வந்து அப்பாவின் முன்னால் உட்கார்ந்தான். நான்தான் அவன் தலையை நனைத்தேன். பள்ளிக் காவலாளியைக்கூட 'அண்ணே' என்று கூப்பிடுகிறவன், என் அப்பாவிடம் "மெதுவாக எடுப்பா, எரிகிறது" என்றான். அப்பா "சரிங்க தம்பி" என்றார். அந்த 'ங்க' இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் முதல் பள்ளியில் என் பெயர் 'கத்தி'.

அந்த வகுப்பில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் திக்கிப் பேசுபவன், பஞ்சாமிர்தக் கடை ஒன்றில் பழம் உரிக்கிறவரின் மகன். அவனுக்கு என்ன பட்டப்பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொருவனை அவனுடைய அம்மா எந்த ஊரிலிருந்தோ கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு சாமி கும்பிட வந்து, திரும்பிப் போகாமல் அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். எலுமிச்சம்பழமும் விளக்கும் விற்றார். ஒரு மடத்துத் திண்ணையில் படுக்கை, அங்கேயே மதியச் சாப்பாடு. அவன் பெயர் 'அன்னதானம்'. பள்ளியில் எந்த விண்ணப்பம் கொடுத்தாலும், தந்தை பெயர் எழுதும் இடம் வந்ததும் அவனுக்குப் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் தாமாகவே ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றோர்கள் அப்படித்தான் ஆறுதல் தேடுகிறார்கள். என் அனுபவம் வேறு. முதல் சில மாதங்கள் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பதைக்கூடத் தவிர்த்தோம். அவர்களில் ஒருவனோடு உட்கார்ந்தால் நான் இன்னும் ஒரு படி கீழே போய்விடுவேன் என்ற பயம் எனக்கு. அவர்களுக்கும் அதே பயம். மதிய உணவு வேளையில் மைதானத்தின் மூன்று மூலைகளில் மூன்று பேர் தனித்தனியாகச் சாப்பிட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்னதானம் சாப்பிடக்கூட இல்லை. மடத்துக்கு ஓடிப்போய் வர நேரம் போதாத நாட்களில் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான்.

என்னைக் கேலி செய்வதைக் கேள்விப்பட்டு என் அம்மா பள்ளிக்கு வந்து முறையிட்டார். ஆசிரியர் நல்லவர்தான். வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, என் தோளில் கை வைத்து, எல்லாத் தொழிலும் உயர்ந்தது என்று இருபது நிமிடம் பேசினார். அந்த இருபது நிமிடத்தைக் கடக்க எனக்கு எத்தனை மாதம் பிடித்தது என்று அவருக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைக்காகப் பள்ளிக்குப் போனால் உபதேசம் கேட்காதீர்கள். சின்னதாக, திட்டவட்டமாக ஒன்றைக் கேளுங்கள்: இடம் மாற்றுங்கள், இந்தப் பாட வேளையில் இன்னாரோடு சேர்த்துவிடுங்கள், இதை வகுப்பில் பேசாதீர்கள்.

அப்பாவிடம் அழுதபோது அவர் வேறு மாதிரி சொன்னார். "கத்தி என்று கூப்பிட்டால் திரும்பாதே சாமி. பேரைச் சொன்னால் மட்டும் திரும்பு." செய்து பார்த்தேன். முதல் வாரம் கேலி இரட்டிப்பானது. மூன்றாம் வாரத்தில் வகுப்பில் பாதிப் பேர், அவசரத்துக்கு நான் தேவைப்பட்டபோது, வேறு வழியில்லாமல் பெயரைச் சொன்னார்கள். மீதிப் பாதிக்கு நான் கடைசிவரை கத்திதான். பாதி பலன் தருகிற மருந்து என்றாலும், பக்க விளைவு இல்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது விளையாட்டு வேளை. இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். எப்போதும் கடைசியில் மிஞ்சுவது நாங்கள் மூவர். ஆசிரியர் சலித்துப்போய், "நீங்கள் மூன்று பேரும் சட்டை, செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார். (உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளை ஆள் எடுக்க விடாதீர்கள். வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரியுங்கள். செலவில்லாத காரியம்.) நாற்பது ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே மூன்று பேர் எத்தனை வாரம்தான் பேசாமல் இருக்க முடியும்? ஒருநாள் அன்னதானம், "சும்மா காப்பதைக் காசு வாங்கிக்கொண்டு காக்கலாமே. ஊருக்கு எத்தனை லட்சம் கால் வருகிறது" என்றான். அவன் அடிவாரத்துப் பையன். காசு எங்கே புழங்குகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அன்று மாலை பேச்சு முடியாமல் மூவரும் இடும்பன் மலைக்கு ஏறினோம். பெரிய மலைக்கு அருகிலேயே இருந்தாலும் அங்கே கூட்டம் குறைவு. தோளில் இரண்டு குன்றுகளைக் காவடியாகச் சுமந்து வந்த இடும்பன், குழந்தை முருகனிடம் சண்டையிட்டுத் தோற்று மாண்டு, மீண்டும் எழுப்பப்பட்டுக் காவல்காரனாக நின்ற கதை ஊருக்கே தெரியும். காவடி எடுக்கிற ஒவ்வொருவரும் அவனைப் போலத்தான் தூக்குகிறார்கள். தோற்றவனுடைய மலை எங்களுக்குப் பொருத்தமாக இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் பதினான்கு வயதில் அப்படியெல்லாம் தோன்றவில்லை. அங்கே எங்களை அறிந்தவர் யாரும் வரமாட்டார்கள், உட்காரக் காசு கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் எதிரே பழநி மலை, விளக்கு ஏற்றிய படிவரிசை. 693 படி என்பார்கள். 1966 முதல் ஓடுகிற விஞ்சு ரயில் பூச்சி போல ஊர்ந்து ஏறும். ரோப் கார் அப்போது இல்லை, அது 2004-இல் வந்தது. இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர்.

அந்த மலையில் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். பட்டப்பெயர் கூடாது. இங்கே அவர்களுடைய உண்மைப் பெயர்களை நான் எழுதாததற்குக் காரணம் வேறு. இருவருக்கும் இப்போது பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட வயது, பழைய கதை வேண்டாம் என்கிறார்கள்.

மலையில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தோம். திக்கிப் பேசுகிறவன் பாடினால் திக்குவதில்லை. பாதயாத்திரைக்காரர்கள் பாடிக்கொண்டு போகிற மெட்டில் ஒருநாள் முணுமுணுத்தான். ஒரு சொல் தடுக்கவில்லை. குரலும் நல்ல குரல். நாங்கள் வாயைப் பிளந்தோம். அவன் வெட்கப்பட்டு, "யா... யாரிடமும் சொல்லாதே" என்றான்.

நான் சொன்னேன். தமிழாசிரியரிடம். நல்லது செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அவர் என்னைத் தட்டிக்கொடுத்து, "அப்படியா, கெட்டிக்காரன்டா நீ" என்றபோது என் உடம்பில் ஓடிய சூடு, நான் எதற்காகப் போனேன் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. குழந்தைகள் தின விழாவில் அவனை மேடையேற்றினார். ஒலிபெருக்கி முன்னால் தன் பெயரைச் சொல்ல அவனுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடம் பள்ளியே சிரித்தது. பிறகு பாடினான், பள்ளியே கைதட்டியது. அதற்குப் பிறகு எந்த விருந்தினர் வந்தாலும் அவனைக் கூப்பிட்டு, முதலில் பேச வைத்து, பிறகு பாட வைத்தார்கள். அதிசயப் பொருள்போல. அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். இடும்பன் மலைக்கும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத வயது. நான் அவன் வீட்டுத் தெருவில் காரணமில்லாமல் சைக்கிளில் போய் வருவேன். அவன் உள்ளே போய்விடுவான்.

எங்களைத் திரும்பச் சேர்த்தது 1994 தைப்பூசம், இன்னும் சரியாகச் சொன்னால் அன்னதானத்தின் வியாபார புத்தி. செருப்புக் காவலுக்கு அவன் அம்மாவின் கடைக்குப் பக்கத்தில் ஆறடி இடம் பிடித்துவிட்டான். "ஆள் இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். சண்டையைப் பூசம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். திக்குகிறவன் வந்தான். வரும்போதே பஞ்சாமிர்தக் கடையிலிருந்து காலிப் பேரீச்சம்பழ அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தான். அவற்றைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை எழுதி, ஓர் அட்டையைச் சணலில் கோத்துச் செருப்பில் கட்டுவது, இன்னோர் அட்டை பக்தர் கையில். அட்டையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும், எறும்பு மொய்க்கும். பேச்சே தேவையில்லாத வேலை. அதை யோசித்தவன் அவன்தான்.

அந்த நாட்களில் ஒரு தொழில் ரகசியம் கற்றோம். பாதயாத்திரைக்காரர்களால் லாபமில்லை, பாதிப் பேர் வெறுங்காலோடு வந்தவர்கள். பூசம் கழிந்து பெருங்கூட்டமாக வருகிற எடப்பாடிக்காரர்களும் அப்படித்தான். பஸ்ஸிலும் வேனிலும் வருகிற குடும்பங்கள், அதிலும் கேரளத்துக்காரர்கள்தான் செருப்போடு வருவார்கள். அவர்களை நம்பித்தான் எங்கள் கடை.

மூன்றாம் நாள் இரவு ஒரு மலையாளி வந்து நின்றார். கையில் 47 என்ற அட்டை இருக்கிறது, அந்த அட்டைக்குரிய செருப்பு இல்லை. அவர் சத்தம் போட, கூட்டம் சேர்ந்தது. அந்த நேரத்தில் கடையில் இருந்தவன் திக்குகிறவன். தேநீர் வாங்கப் போன நான் ஓடிவந்து, "ஐயா, அது வந்து..." என்று தொடங்கினேன். அவன் என்னைப் பார்க்காமலேயே கையை நீட்டி என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். பிறகு அவனே பேசினான். 47-ஐயும் 74-ஐயும் மாற்றிக் கட்டிவிட்டோம், இதோ உங்கள் செருப்பு. இந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த மனிதர் பொறுமையாக, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அவன் தோளைத் தட்டி, மலையாளம் கலந்த தமிழில், தனக்குத் தமிழ் சரியாக வராது என்று புரிந்துகொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னதற்கு நன்றி என்றார்.

அவர் போன பிறகு மூவரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்துச் சணல் கண்டு உருண்டு சாக்கடையில் விழுந்தது. அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை, "போ... போய் எடு".

திக்குகிறவரோடு பழகுகிறவர்களுக்கு அவனிடமிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். அவர்களுடைய வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். 'மெதுவாகச் சொல்', 'மூச்சை இழுத்து விடு' என்று யோசனை சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள், அந்த மலையாளி காத்திருந்ததுபோல. அவர் தவறாகப் புரிந்துகொண்டுதான் சரியாக நடந்துகொண்டார் என்பது வேறு விஷயம். பாடச் சொல்லிக் கேட்கவும் கேட்காதீர்கள்.

நான் செய்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, அவன் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு. "அதையெல்லாம் செருப்புக் கடையிலேயே கழித்துவிட்டேன்" என்றான். பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிச் சரியாவது அபூர்வம். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது ஒரு வேலையைச் செய்யும்போதுதான் அது நடக்கிறது. தனியாக இருக்கும் பிள்ளையை 'போய் எல்லோரோடும் கலந்து பழகு' என்று தள்ளுவதைவிட, இரண்டு மூன்று பேர் சேர்ந்தால்தான் நடக்கும் என்கிற ஒரு வேலையில் விடுவது மேல். சம்பாத்தியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோயில் தேர் இழுக்கும் நாளில் மோர் ஊற்றுவதாக இருந்தாலும் போதும்.

இதுவரை நாங்கள் நல்லவர்களாகத் தெரிகிறோம். இனிச் சொல்லப்போவதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

பத்தாம் வகுப்பில் நான்காவதாக ஒருவன் இருந்தான். மென்மையாக நடப்பான், கையை அசைத்துப் பேசுவான், மார்கழியில் அவன் வீட்டு வாசலில் அவன் போடுகிற கோலத்தைத் தெருவே நின்று பார்க்கும். அவனை வகுப்பு என்ன பெயரிட்டு அழைத்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. எங்களைக் கேலி செய்தவர்கள் அவன் வந்த பிறகு எங்களை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். எங்களுக்குக் கீழே ஓர் ஆள் கிடைத்தான். அந்த நிம்மதியை நாங்கள் மூவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் மூவருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவன் இடும்பன் மலைக்கு ஏறி வந்தான். கையில் பொரியும் பொட்டுக்கடலையும் கட்டிய பொட்டலம். நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும். "நானும் உட்காரட்டுமா?" என்று கேட்டான். "நாங்கள் கிளம்புகிறோம்" என்றேன். சொன்னது நான். மற்ற இருவரும் உடனே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். பாதி தூரம் இறங்கி, ஒரு பாறைக்குப் பின்னால் நின்றோம், அவன் போனதும் திரும்ப ஏறலாம் என்று. அவன் போகவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் பிரித்து, எதிரே மலை விளக்கைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாகச் சாப்பிட்டான். மிச்சத்தைக் குருவிகளுக்கு இறைத்தான். இருட்டும் வரை நாங்கள் பாறைக்குப் பின்னாலேயே நின்றோம்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போனான் என்றார்கள், மும்பை என்றும் சொன்னார்கள். நாங்கள் போய் விசாரிக்கவில்லை.

சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சாப்பாட்டு டப்பாவைப் பாதியோடு கொண்டுவரத் தொடங்கினாள். நாங்கள் இப்போது கோவையில் இருக்கிறோம், அவளை யாரும் கத்தி என்று கூப்பிடுவதில்லை. அவளுடைய காரணம் வேறு, அது அவளுடையது. "யாரோடு சாப்பிட்டாய்?" என்று தினமும் கேட்டதை நிறுத்தினேன், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பிள்ளைக்கு அது தினசரி தண்டனை. ஒரு வாரம் மாலையில் அவளோடு சும்மா நடந்தேன். பிறகு ஒருநாள், "உன் வகுப்பில் தனியாகச் சாப்பிடுகிற வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தி இருக்கிறாள். ஆனால் அவளோடு உட்கார்ந்தால் என்னையும் அவளோடு சேர்த்துவிடுவார்கள் அப்பா" என்றாள்.

செருப்புக் கடைக் கதை அவளுக்கு முன்பே தெரியும், சிரிக்கச் சிரிக்கப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பொரிப் பொட்டலத்தோடு வந்தவனைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்புறம் அவர் என்ன ஆனார்?" என்றாள். அவன் என்று நான் சொன்னதை அவள் அவர் என்று மாற்றியிருந்தாள்.

"தெரியவில்லை" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டப்பாவைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.